பினாங் ராஜா சிவக்கவே மாட்டேங்குது, ஓலை நுனி வேற கருகுது... வளர்த்த அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

கிள்ளான்_குமரன்
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தவன், எழுதறது இதான் முதல் தடவை. போன வருஷம் மலேசியாவுல கிள்ளான் பக்கம் புது தாமான்ல (குடியிருப்புப் பகுதி) வீடு எடுத்தோம், டபுள் ஸ்டோரி லிங்க் வீடு, கார் போர்ச் பக்கத்துல பத்துக்கு ஆறு அடி மண்ணுத் தரை, அவ்வளவுதான் நம்ம தோட்டம். வீட்டுக்காரிக்கு சின்ன வயசுல இருந்தே பினாங் ராஜா மேல ஆசை, அதான் லிப்ஸ்டிக் பாம்னு சொல்வாங்களே, ஒரு பனை வகை, ஒல்லி ஒல்லியா கொத்தா நிக்கும், மேல மட்டை மட்டும் குங்குமச் சிவப்பு. சுங்கை பூலோ பக்கம் ஒரு நர்சரில 180 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து ஒரு கொத்து வாங்கினேன், அஞ்சு அடி உயரம், ஏழு தண்டு, அதுல ரெண்டு நல்ல சிவப்பு மத்த அஞ்சும் ஒரு மாதிரி பச்சையும் பழுப்புமா இருந்துச்சு. தவுக்கே (கடை முதலாளி) "போகப் போக எல்லாம் சிவந்துடும் பாஸ்"னாரு.

எட்டு மாசம் ஆச்சு. சிவக்கறது இருக்கட்டும், இருந்த சிவப்பே மங்கிட்டு வருது. ஓலை நுனி எல்லாம் தீயில காட்டின மாதிரி கருகியிருக்கு, புதுசா வர்ற குருத்து விரிஞ்சா வெளிறிப்போய் மஞ்சளா இருக்கு. காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை ஹோஸ் பைப்ல தண்ணி அடிக்கறேன், மாசம் ஒரு கைப்பிடி நீல பாஜா (உரம்) போடறேன், வெயில் முழு நாளும் விழுது. இதுக்கு மேல என்னதான் செய்யறது? படம் ரெண்டு போட்டிருக்கேன் பாருங்க.

ஈப்போ_அக்கா
தம்பி படத்தப் பாத்தாலே தெரியுது, வெயில் ஜாஸ்தி. எங்க வீட்டுல நான் பெரிய தொட்டில மாமரத்து நிழல்ல வெச்சிருக்கேன், நுனி கருகவே இல்ல. நிழலுக்கு மாத்து. பாஜாவும் நிறுத்து ஒரு மூணு மாசம்.

பச்சமிளகா78
அக்கா சொன்னது சரி. இல்லன்னா கறுப்பு வலை வாங்கி மேல கட்டு லா, ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும்.

செம்பனைத்தோட்டம்
ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, எனக்கு அது வெயில் மாதிரி தெரியல. நான் முப்பது வருஷம் எஸ்டேட்ல இருந்தவன், பந்திங் பக்கம் பீட் மண்ணுல (செடி கொடி மக்கி ஊறின சதுப்பு மண்ணு) வேல செஞ்சிருக்கேன். காட்டு ஓரத்துல கால்வா வெட்டுறப்ப இந்த பினாங் ராஜாவ அதோட சொந்த இடத்துல பாத்திருக்கேன். தண்ணி டீ தண்ணி கலர்ல கறுப்பா நிக்கும், கால வெச்சா முட்டி வரைக்கும் உள்ள போவும், அந்த சேத்துல இது பாட்டுக்கு முப்பது நாப்பது அடி உயரத்துக்கு நிக்கும், தண்டு என்னமோ நம்ம கை மொத்தம்தான். தலைக்கு மேல நல்ல வெயில், காலடியில எப்பவும் ஈரம். வெயில்ல இருக்கற மரத்துலதான் சிவப்பு பளிச்சுன்னு இருக்கும், நிழல்ல வெச்சா அக்கா வீட்டு மரம் மாதிரி நுனி கருகாது, ஆனா சிவப்பும் கொஞ்சம் மங்கல்தான் (அக்கா உண்மைய சொல்லுங்க, நல்லா சிவந்திருக்கா?). கன்னா இருக்கறப்ப பாதி நிழல் வேணும், அத ஒத்துக்கறேன். பெருசான பிறகு தண்ணி பத்தலன்னாதான் வெயில் சுடும்.

குமரன், உன் படத்துல ரெண்டு வெவ்வேற கோளாறு தெரியுது. பழைய ஓலை நுனி கருகறது ஒண்ணு. புது ஓலை வெளிறி வர்றது இன்னொண்ணு. இது ரெண்டாவதுதான் எனக்கு முக்கியமா படுது. பொட்டாஷ், மெக்னீசியம் பத்தலன்னா மரம் கீழ் ஓலையில இருந்து எடுத்து மேல குடுக்கும், அதனால முதல்ல பழுக்கறது அடி ஓலைதான், செம்பனையில, அதான் எண்ணெய் பனை, நாங்க இதத்தான் பாத்து கீசெரைட்னு மெக்னீசியம் உரம் போடுவோம். இரும்பு, மாங்கனீசு பத்தலன்னா அப்படி எடுத்துக் குடுக்க மரத்தால முடியாது, புதுக் குருத்துதான் வெளிறும். நம்ம ஊரு மண்ணுல இரும்பு இல்லாம போவாது, செம்மண்ணே இரும்புதான். இருந்தும் மரத்துக்கு கிடைக்கலன்னா மண்ணுல புளிப்பு போயி சுண்ணாம்பு ஏறியிருக்குன்னு அர்த்தம்.

ஒரே ஒரு கேள்வி. அந்த மண்ணுல ஒரு அடி தோண்டிப் பாத்தியா?

கிள்ளான்_குமரன்
இல்ல அண்ணே. நர்சரி பையன்தான் வந்து நட்டுட்டுப் போனான், நான் ஆபீஸ்ல இருந்தேன். மேல நல்ல கறுப்பு மண்ணுதான் தெரியுது.

செம்பனைத்தோட்டம்
மேல தெரியறது கேக் மேல க்ரீம் மாதிரி தம்பி. தோண்டு.

விதைப்பை
இந்த மரம் பத்தி பேச்சு வந்ததால கொஞ்சம் கூடுதலா சொல்றேன், தாவரவியல் படிச்ச பழக்கம், பொறுத்துக்குங்க. விஞ்ஞானப் பேரு சிர்டோஸ்டாகிஸ் ரெண்டா. 1838ல பிளூம் வெச்ச பேரு, இவர் ஜாவாவுல போகோர் தோட்டத்த நடத்தினவர். அப்புறம் 1885ல பெக்காரின்னு இத்தாலிக்காரர் இதுலயே ஒரு வகைய லக்கான்னு தனியா பிரிச்சாரு, பழைய நர்சரி போர்டுல இன்னும் சிர்டோஸ்டாகிஸ் லக்கான்னு எழுதியிருக்கும், இப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு சேத்துட்டாங்க. வெள்ளைக்காரன் இத சீலிங் வாக்ஸ் பாம்னு கூப்பிட்டான், முத்திரை வைக்கற அரக்கு கலர்ல இருக்கறதால. நாம அரக்குச் சிவப்புன்னு சேலைக்கு சொல்றது அதே கலர்தான், அதனால அரக்குப் பாக்குன்னு நான் என் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். மலாய்ல பினாங்னா பாக்கு, பினாங்கு தீவுக்கே அந்தப் பேருதான, அப்ப பினாங் ராஜான்னா ராஜ பாக்கு.

வேடிக்கை என்னன்னா சிர்டோஸ்டாகிஸ்ங்கற இந்தப் பேரினத்துல மொத்தம் ஏழு இனம், அதுல ஆறும் நியூ கினியா, சாலமன் தீவு பக்கம் இருக்கு. இது ஒண்ணு மட்டும் தனியா பிரிஞ்சு இங்க தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, தாய்லாந்து தெற்கு மூலைன்னு இருக்கு. சுமத்ராவுல ஜம்பி மாநிலத்துக்கு இதுதான் அடையாள மரம், அங்க பினாங் மேராம்பாங்க. எங்க இருந்தாலும் தாழ்வான நிலம், சதுப்பு, பீட். அந்த பீட் தண்ணியோட பிஹெச் (ஏழுக்கு கீழ புளிப்பு, மேல சுண்ணாம்புத் தன்மை) மூணுல இருந்து நாலுக்குள்ள இருக்கும், கிட்டத்தட்ட நம்ம புளிக்கரைசல் மாதிரி. செம்பனை அண்ணே சொன்னத இதோட சேத்துப் பாத்தா குமரனோட மண்ண நானும் சந்தேகப்படறேன்.

பச்சமிளகா78
ஏன் லா, செம்பனைன்னு எண்ணெய் பனைக்கு பேரு வெச்சவன் யாரு? அதுல பழம் மட்டும்தான் சிவப்பு. நிஜமாவே சிவப்பா இருக்கற பனைய பினாங்குன்னு கூப்பிடறோம் 😂

செம்பனைத்தோட்டம்
அதையே தோட்டத்துல என் மாமா ஒருத்தர் கேப்பாரு. பதில் இன்னும் கிடைக்கல.

மயிலை_மாடி
சென்னைல இருந்து எழுதறேன், நடுவுல புகுந்ததுக்கு சாரி. இந்த மரத்துக்கு நான் ரெண்டு தடவை காரியம் பண்ணிட்டேன். கேரளா போனப்ப மண்ணுத்தில வாங்கினேன், திருச்சூர் பக்கம் தெருவுக்குத் தெரு நர்சரி, அங்க பாத்தா அவ்வளவு அழகா இருக்கு, மெட்ராஸ் கொண்டுவந்து மாடில வெச்சா ஏப்ரல் வரைக்கும் தாங்குது, மே மாசம் அனல் காத்து அடிச்சா ஒரே வாரத்துல துடைப்பம். எங்க போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்பு அளவு) 1400, தொட்டி ஓரத்துல வெள்ளையா உப்பு பூக்கும். இங்க வளரவே வளராதா, இல்ல நான்தான் ராசி இல்லாதவனா?

செம்பனைத்தோட்டம்
ராசி எல்லாம் இல்ல சார், உப்புத் தண்ணி. அந்தத் தண்ணிய ஊத்த ஊத்த தண்ணி ஆவியா போயிடும், உப்பு தொட்டியிலயே நின்னுடும். ஓலை நுனி கருகறது அதுலதான். அதுக்கு மேல காஞ்ச காத்து.

கோவை_ராதா
@மயிலை_மாடி ஏசில இருந்து பைப்ல சொட்டுற தண்ணிய பக்கெட்ல புடிங்க. அதுல உப்பே இருக்காது, காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து விழற தண்ணிதான அது. மே மாசம் செடிக்கு எப்ப தண்ணி ரொம்ப வேணுமோ அப்பதான் ஏசியும் ரொம்ப ஓடும். நான் கலாத்தியாவுக்கு இப்படித்தான் ஊத்தறேன். மழைத்தண்ணி சேத்து வெச்சிருந்தா இன்னும் நல்லது. மாடில வைக்காதீங்க, கீழ கிழக்கு பாத்த சுவரோரமா, சுத்தி வேற செடிக கூட்டமா இருக்கற மாதிரி வைங்க.

மயிலை_மாடி
ஏசி தண்ணி! அஞ்சு வருஷமா அத சன்ஷேட்ல சொட்ட விட்டு கீழ் வீட்டுக்காரர் கிட்ட திட்டு வாங்கிட்டு இருக்கேன் மேடம். மூணாவது தடவை முயற்சி பண்றேன்.

கிள்ளான்_குமரன்
அண்ணே தோண்டினேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை, மச்சான் வந்திருந்தான், ரெண்டு பேரும் சங்குல் (மண்வெட்டி) எடுத்தோம். கொத்துல இருந்து ரெண்டடி தள்ளி வெட்டினோம். மேல நாலு விரக்கடை கறுப்பு மண்ணு, அவ்வளவுதான். அதுக்கு கீழ சங்குல் பட்டதும் டங்குன்னு சத்தம். உடைஞ்ச டைல்ஸ், அதுல இன்னும் பசை ஒட்டிட்டு இருக்கு. அப்புறம் சிமெண்ட் கட்டி, தேங்கா சைஸ்ல ஒண்ணு. சிமெண்ட் மூட்டையோட காகிதம் கூட மக்காம கிடக்கு. செங்கல் துண்டு, ஒயர், ஒரு பழைய செருப்பு, டின் பால் டப்பா ரெண்டு. வீடு கட்டினப்ப மிஞ்சின எல்லாத்தையும் அங்கயே தள்ளி மேல மண்ண தூவி புல்லு ஒட்டி எங்க கையில சாவிய குடுத்திருக்காங்க. ஒன்றரை அடி வரைக்கும் இதே கதை. மச்சான் வேல பாக்கற பள்ளிக்கூடத்துல இருந்து பிஹெச் பேப்பர் கொண்டுவந்தான், அந்த மண்ண மழைத்தண்ணில கரைச்சு நனைச்சா பேப்பர் நல்ல பச்சை தாண்டி நீலம் கலந்து வருது, எட்டு எட்டரைனு வெச்சுக்கலாம். நீங்க சொன்ன பீட் தண்ணி மூணு நாலு.

கொத்து அடியில பையன் பாலி பேக்க கூட முழுசா கிழிக்கல, ஒரு பக்கம் மட்டும் கிழிச்சு அப்படியே இறக்கியிருக்கான். வீட்டுக்காரி பாத்துட்டு ஒண்ணும் பேசல, உள்ள போயிட்டா. நான்தான் அங்கயே உக்காந்திருந்தேன் கொஞ்ச நேரம்.

ஈப்போ_அக்கா
அய்யோ பாவம். நான் வெயில்னு சொன்னேன், வாபஸ். (செம்பனை அண்ணே, என் மரம் சிவப்பு மங்கல்தான். இப்ப சந்தோஷமா?)

பச்சமிளகா78
வினிகர் ஊத்து லா. யூடியூப்ல பாத்தேன், ஒரு வாளி தண்ணிக்கு ஒரு கப்.

விதைப்பை
வினிகர் ஊத்தினா அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் புளிப்பு, மறுநாள் சிமெண்ட் ஜெயிச்சிடும். கந்தகத் தூளும் அப்படித்தான், மண்ணுல இருக்கற பாக்டீரியா அத மெதுவா அமிலமா மாத்தணும், அதுக்கே மாசக்கணக்குல ஆவும், சுண்ணாம்பு கட்டி கட்டியா கிடக்கற இடத்துல அந்த அமிலம் சுண்ணாம்ப கரைக்கறதுக்கே செலவாயிடும். கீலேட் இரும்பு (வேர் சுலபமா எடுத்துக்கற மாதிரி செஞ்ச இரும்பு உரம்) ஊத்தினா ஓலை கொஞ்ச நாள் பச்சையாவும். ஆனா அது வலி மாத்திரை மாதிரிதான். மண்ண மாத்தறத தவிர வேற வழி இருக்கறதா எனக்குத் தோணல.

செம்பனைத்தோட்டம்
அதேதான் நானும் சொல்ல வந்தேன். குமரன், இத நிதானமா படி, நீளமா இருக்கும்.

முதல்ல கொத்த எடுக்கணும். பனை வகை வேர் மத்த மரத்து வேர் மாதிரி கிடையாது, தடிமனா ஆவாது, அடியில இருந்து கயிறு கயிறா புறப்பட்டு வரும், இந்த மரத்துக்கு வேர தொட்டாலே பிடிக்காது. அதனால மண்ணு உருண்டையோட எடு, வேர உதறாதே, கழுவாதே. உனக்கு ஒரு வகையில அதிர்ஷ்டம், பாலி பேக் முழுசா கிழிக்காததால நிறைய வேர் இன்னும் அந்த பழைய மண்ணு உருண்டைக்குள்ளதான் சுத்திட்டு இருக்கும். ரெண்டு நாளைக்கு முன்னாடி இருந்தே நல்லா தண்ணி விட்டு ஊற வை. எடுக்கறப்ப அடி ஓலை ரெண்டு மூணு வெட்டிடு, மிச்ச ஓலைய மேல சேத்து கயித்துல தளர்வா கட்டு. குருத்த மட்டும் தொடாதே, ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்துதான், அது போச்சுன்னா அந்தத் தண்டு போச்சு, பனைக்கு பக்கவாட்டுல கிளை வராது.

அப்புறம் குழி. நாலடிக்கு நாலடி, ரெண்டரை அடி ஆழம், கட்டட குப்பை முழுசா வெளிய. சுத்தி இன்னும் சிமெண்ட் இருக்கும், மழை பெஞ்சா அந்தத் தண்ணி உள்ள ஊறி வரும், அதனால குழிக்குள்ள தடி கேன்வாஸ் விரி, லாரிக்கு மூடறாங்களே அது. அடியில ஓட்டை போடாதே. பக்கவாட்டுல, மேல இருந்து ஒரு அரை அடி கீழ நாலஞ்சு ஓட்டை போடு. இப்ப அது ஒரு சின்ன சதுப்பு. அரை அடிக்கு கீழ எப்பவும் தண்ணி நிக்கும், மேல மண்ணு மட்டும்தான் தெரியும், கொசு முட்டை போட இடம் கிடைக்காது.

இத ஏன் சொல்றேன்னா நிறைய பேரு இந்த மரத்த தொட்டியோட தண்ணித் தட்டுல வைக்கறாங்க, மரத்துக்கு அது பிடிக்கும்தான், குளத்துல வெச்சா கூட நிக்கும், ஆனா ஏடிஸ் கொசுவுக்கும் பிடிக்கும். சுகாதார ஆபீசர் வந்து டார்ச் அடிச்சு பாத்து புழு இருந்தா அபராதம் எழுதிட்டுத்தான் போவாங்க. தட்டு வெச்சே ஆவணும்னா ரெண்டு மூணு கப்பி மீனு விடு, இல்லன்னா ஏபேட்னு கொசுப் புழு மருந்து போடு.

மண்ணு கலவைக்கு கோகோபீட் பாதி, ஆத்து மணல் கால், மக்கின செம்பனை குலை கால். மில்லுல பழம் எடுத்த பிறகு வெறும் குலை கிடக்கும், நல்லா மக்கினதா பாத்து வாங்கு. கோகோபீட்ல உப்பு இருக்கும், மூணு தடவையாச்சும் தண்ணில அலசி பிழிஞ்சுட்டு போடு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், கிளிஞ்சல் இருக்கும், மறுபடி சுண்ணாம்பு. காட்டுல போயி பீட் வெட்டிட்டு வர்றவங்களும் இருக்காங்க, நீ செய்யாதே. இருக்கற பீட் காட்டையே வாய்க்கால் வெட்டி காய வெச்சு பாதி தொலைச்சாச்சு, அதுல வேல செஞ்சவன் நானே சொல்றேன்.

பாஜா மூணு மாசத்துக்கு கிடையாது. புது குருத்து நகர ஆரம்பிச்ச பிறகு கால் கைப்பிடி.

கிள்ளான்_குமரன்
குருத்து நகருதான்னு எப்படி அண்ணே பாக்கறது?

செம்பனைத்தோட்டம்
மார்க்கர் எடுத்து குருத்துலயும் அத ஒட்டி இருக்கற மட்டையிலயும் சேத்து ஒரே நேரா ஒரு கோடு போடு. வாரம் ஒரு தடவை பாரு. குருத்துல இருக்கற கோடு மேல ஏறியிருந்தா மரம் உயிரோட இருக்கு. அவ்வளவுதான்.

வண்ணைப்பெடியன்
வணக்கம் அண்ணையாக்கள். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். கொழும்பில அக்கா வீட்டு வாசல்ல இந்த மரம் நல்லா நிக்குது, ஒருத்தரும் பெரிசாக் கவனிக்கிறதும் இல்லை. அதில ஒரு பக்கக் கண்டு வெட்டிக்கொண்டு வந்து இஞ்ச வைச்சனான், மூண்டு மாசத்தில ஓலை எல்லாம் கருகிப்போட்டுது. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, கேத்திலுக்க வெள்ளையாப் படியும். இதை வாசிச்சாப் பிறகுதான் விளங்குது. மழைத்தண்ணி பிடிச்சு வைச்சு ஊத்தினாச் சரிவருமோ?

விதைப்பை
தம்பி, யாழ்ப்பாணம் அடியில முழுக்க சுண்ணாம்புப் பாறை. கொழும்புல வருஷம் பூரா மழை பரவலா இருக்கு, உங்க பக்கம் மாரி மழை முடிஞ்சா அடுத்து பல மாசம் வறட்சி. மழைத்தண்ணி நல்ல யோசனைதான், அந்த மாசங்களுக்கு எல்லாம் தாங்கற அளவு டாங்க் இருக்கணும். நிலத்துல வைக்காம பெரிய தொட்டில வைங்க. இன்னொண்ணு, பக்கக் கன்று வெட்டினதுல வேர் எவ்வளவு இருந்துச்சு?

வண்ணைப்பெடியன்
வேர் எண்டு பெரிசா இல்லை. ரெண்டு மூண்டுதான்.

செம்பனைத்தோட்டம்
அப்ப தண்ணிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. இந்த மரத்துல கன்று பிரிக்கறதுலதான் நிறைய பேரு ஏமாறுவாங்க. கொத்து ஓரத்துல ரெண்டடி மூணடி வளர்ந்த கன்னா பாத்து எடுக்கணும், அதோட அடிய சுத்தி ஈர மண்ணும் தேங்கா நாரும் அணைச்சு கட்டி வெச்சுட்டு ஆறு மாசம் போல காத்திருக்கணும், அதுக்குன்னு சொந்த வேரு புறப்பட்டு நல்லா ஓடின பிறகுதான் கூரான கத்தியால தாய் மரத்துல இருந்து பிரிக்கணும். பிரிச்சதும் வெயில்ல வைக்கக் கூடாது. நானே பத்து பிரிச்சா நாலு செத்துடும்.

பத்துகாஜா_பாட்டன்
விதை போட்டுப் பாருங்களேன். நான் போட்டிருக்கேன். பழம் சுண்டு விரல் நக அளவுக்கு இருக்கும், பழுத்தா கறுப்பா ஆயிடும், பாளை காம்பு சிவப்பா இருக்கறதால அந்த கறுப்பு எடுப்பா தெரியும். தோலு சதை எல்லாம் தேச்சு கழுவிட்டு உடனே போடணும், காய விட்டா முளைக்காது. ஈர கோகோபீட்ல போட்டு மூடி வெச்சேன், ரெண்டாவது மாசம் சிலது, அஞ்சாவது மாசம் சிலது முளைச்சுது, நடுவுல பேத்தி தூக்கி போடப் பாத்தா. முதல் இலை மீன் வாலு மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும். நாலு வருஷம் ஆச்சு, இடுப்பு உயரம் வந்திருக்கு, மட்டையில இப்பதான் செங்கல் கலர் தட்டுது. எனக்கு எழுபத்தி ரெண்டு வயசு. சிவப்பா பாக்கணும்னுதான் தினம் காலைல நடக்கறேன்.

பச்சமிளகா78
தாத்தா ❤️ அப்ப குமரன் கொத்துல பழுப்பா இருந்த அஞ்சு தண்டும் இன்னும் சின்னப் புள்ளைங்கன்னு சொல்லுங்க

பத்துகாஜா_பாட்டன்
ஆமா. கன்னுல பச்சையா பழுப்பாத்தான் இருக்கும். தண்டு உருண்டு மட்டை நீளமா சுத்தி நிக்க ஆரம்பிச்சாதான் கலர் ஏறும். தவுக்கே பொய் சொல்லல, எத்தன வருஷம்னுதான் சொல்லல. ஆரஞ்சு கலர்ல கூட ஒரு வகை இருக்கு, அது வேற விலை.

சுங்கை பூலோன்னதும் ஞாபகம் வருது, அங்க நர்சரி இவ்வளவு இருக்கறதுக்கு காரணம் தெரியுமா? 1930ல அங்க தொழுநோய் குடியிருப்பு திறந்தாங்க. உள்ள இருந்தவங்க வெளிய போக முடியாம அங்கயே செடி வளர்த்து வித்து பொழைச்சாங்க. சனங்க பயந்த காலத்துலயும் செடி வாங்க மட்டும் வந்தாங்க. இப்ப அங்க போயி பேரம் பேசறப்ப நான் ரொம்ப பேச மாட்டேன்.

கேஎல்_காண்டோ
எனக்கு ஒரு சந்தேகம், 22வது மாடி, ஏசி ஹால்ல ஒரு மூலைல வைக்கலாமா? இன்ஸ்டால பாத்தேன், சூப்பரா இருந்துச்சு.

ஈப்போ_அக்கா
வேண்டாம்மா. போட்டோ எடுத்த அன்னைக்கு சூப்பரா இருக்கும்.

செம்பனைத்தோட்டம்
அக்கா சொல்றது சரி. ஏசி காத்து காஞ்ச காத்து, ரெண்டு மாசத்துல ஓலை அடியில சிலந்திப் பூச்சி தூசி மாதிரி படியும். குளிரும் ஆவாது. ராப்பிஸ்னு ஒரு சின்ன பனை வகை இருக்கு, அத வாங்கி வை, ஒல்லியாவும் இருக்கும் வீட்டுக்குள்ளயும் தாங்கும். சிவப்பு வேணும்னா பக்கத்துல ஒரு சிவப்பு தொட்டி வை.

கிள்ளான்_குமரன்
(ஏழு மாசம் கழிச்சு)
எல்லாரும் மறந்திருப்பீங்க. நான் மறக்கல.

அண்ணே சொன்ன மாதிரியே செஞ்சேன். குப்பை மட்டும் முப்பத்தி ஒரு மூட்டை வந்துச்சு, லாரிக்காரனுக்கு 120 வெள்ளி, மரத்த வாங்கினதுல மூணுல ரெண்டு பங்கு. கேன்வாஸ் போட்டு, கோகோபீட்ட நானும் மகனும் குளியல் தொட்டில அலசினோம், அதுக்கு வீட்டுக்காரி குடுத்த திட்டு தனி. கோடு போட்டு வெச்சேன். முதல் ஒன்பது வாரம் கோடு அசையவே இல்ல, ஒரு தண்டு காஞ்சே போச்சு, ஏழுல ஆறாச்சு. பத்தாவது வாரம் ஒரு குருத்துல கோடு அரை இன்ச் மேல. மகன்தான் முதல்ல பாத்தான், ஸ்கூல் யூனிஃபார்மோட ஓடி வந்து சொன்னான்.

இப்ப நாலு தண்டுல புது ஓலை விரிஞ்சாச்சு. நல்ல கரும்பச்சை, அடியில லேசா சாம்பல் பூத்த மாதிரி வெள்ளி நிறம், நுனியில ஒரு கருகல் கிடையாது. போன வியாழக்கிழமை ராத்திரி வெளிய பொத்துன்னு சத்தம், திருடன்னு நெனச்சு லைட் போட்டா பழைய மட்டை ஒண்ணு கழண்டு போர்ச்ல விழுந்து கிடக்கு. அது இருந்த இடத்துல உள்ள ஒளிஞ்சிருந்த மட்டை பளபளன்னு, நனைஞ்ச குங்குமம் மாதிரி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வீட்டுக்காரிய எழுப்பி காட்டினேன். "காலைல காட்டக் கூடாதா"ன்னுட்டு கால் மணி நேரம் நின்னு பாத்தா.

ஒண்ணு மட்டும் கேக்கணும். ஒரு ஓலைய யாரோ கத்திரிக்கோல் வெச்சு வி மாதிரி வெட்டின மாதிரி இருக்கு. இது என்ன?

செம்பனைத்தோட்டம்
தம்பி ரொம்ப சந்தோஷம். அந்த வெட்டு காண்டாமிருக வண்டு. குருத்து மடிஞ்சு உள்ள இருக்கறப்ப ஓட்டை போட்டு தின்னும், விரிஞ்ச பிறகு பாத்தா மடிச்ச காகிதத்த வெட்டின மாதிரி தெரியும். இதுல என் தப்பும் இருக்கு. அது முட்டை போடறதே மக்குற குலையிலதான், மேல மூடாக்கா குலை எதாச்சும் போட்டு வெச்சிருக்கியா?

கிள்ளான்_குமரன்
மிஞ்சினத வேலி ஓரமா ஒரு குவியலா கொட்டி வெச்சிருக்கேன் அண்ணே. முழங்கால் உயரம் இருக்கும்.

செம்பனைத்தோட்டம்
நாளைக்கே கிளறு. கட்டவிரல் மொத்தத்துல வெள்ளையா சுருண்டு ஒரு புழு இருக்கும், தலை பழுப்பா. எல்லாத்தையும் பொறுக்கு. அப்புறம் குவியல பரப்பி காய விடு, ஒரு சாணுக்கு மேல உயரம் வேண்டாம். குருத்து சந்துல ஓட்டை தெரிஞ்சா கம்பி வெச்சு வண்ட குத்தி வெளிய எடு.

கிள்ளான்_குமரன்
கிளறினேன். பதினேழு.

ஈப்போ_அக்கா
தூக்கி போட்டுடாத தம்பி, எங்க கோழிக்கு ரொம்ப பிடிக்கும். கிள்ளான்ல இருந்து ஈப்போவுக்கு யாராச்சும் இந்த வாரம் வர்றாங்களா?